ஓரத்தில் நிற்பவர்

என் அத்தானைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பவர்’ என்றுதான் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து முப்பது வருடமாகிறது. அவருக்கும் ஆட்களின் பெயர் மனதில் நிற்காது, கண்ணாடியின் பவர்தான் நிற்கும். "அதோ மைனஸ் மூணு போறாரு, பாவம், வேலை போயிடுச்சாம்" என்பார். என்னைப் பற்றி யாராவது கேட்டால், "கொழுந்தியா. கண்ணுல பவர் ஒண்ணும் கிடையாது, எல்லாம் வாய்லதான்" என்பார். நானும் வாங்கிக்கொண்டு சும்மா வருகிற ஆள் இல்லை.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஃபிரேம்கள். கடைசியில் ஒரு சுழல் நாற்காலி, அதற்கு எதிரே விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே வர வர எறும்பு அளவு. ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அத்தான் என் அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். மற்ற புருஷன்மார் பரிசு வாங்கி வருவார்கள், இவர் கண் பார்ப்பார். அக்கா கடகடவென்று கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியாக இருக்கும் கம்பெனிப் பெயரையும் சேர்த்துப் படிப்பாள். "இந்தக் கடைக்கு முதல் நஷ்டமே நீதான்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். முகமெல்லாம் பெருமையாக இருக்கும்.

நாற்பது வயது தாண்டி யார் கடைக்கு வந்தாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். "நான் எழுத்துதான் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட போய்க் கண்ணுக்குள்ள அழுத்தம் பார்த்துடுங்க." ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். அக்காவுக்குச் சொன்னதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் பெண்டாட்டி எதற்குக் கண் டாக்டரிடம் போகிறாள்? அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் அக்காவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘திடுக்கு’. பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டால் துள்ளிக் குதிப்பாள். "நீ எப்ப வந்தே?" என்பாள். டீ டம்ளரை நீட்டினால், கை மட்டும் எங்கிருந்தோ முளைத்த மாதிரி அலறுவாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள், ஸ்டூலில் தடுக்குவாள். "கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கே? பார்த்து நட" என்று அத்தான் அதட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவள் துள்ளுவதைப் பார்ப்பதற்காகவே நான் சத்தமில்லாமல் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, திறந்து கிடந்த அலமாரிக் கதவில் மோதி அக்காவின் புருவம் கிழிந்தது. தையல் போட்ட டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி மின்னும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நானும் அத்தானும் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. அத்தான் முதலில் விரல் விட்டு எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

வந்த தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் சாவித் துவாரம் அளவுக்கு வெள்ளை.

"எழுத்துப் பலகை அந்தத் துவாரத்துக்குள்ளயே அடங்கிடும். அதனால கடைசி வரி வரைக்கும் நல்லாப் படிப்பாங்க. பக்கவாட்டுப் பார்வைதான் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. போனது வராது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். "இது குடும்பத்துல வர்றது. கூடப் பிறந்தவங்க இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க." பிறகு அத்தானைப் பார்த்து, "சார் என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"கடை" என்றார் அத்தான். என்ன கடை என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு நாக்கு அடங்கவில்லை. "ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் பார்க்கிறீங்க. கூட இருக்கிறவ கண்ணு போனது தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை, நீயும் ஒரு தரம் காட்டிவிடு என்று என்னிடம் வந்து நின்றார். நான் துணி சரிசெய்யும் கடையில் வேலை பார்க்கிறவள். நாற்பத்து மூன்று வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன். "என் கண்ணைக் காட்டி உங்க பாவத்தைக் கழுவிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன். நான்காவது தடவை அவர் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் வேறு ஆள். கிண்டல் நின்றுபோனது. அந்தக் கறுப்புத் தாளைக் கடை மேஜையின் இழுப்பறையில், ஃபிரேம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பார். நட்டநடுப் பகலில் கடைக் கதவில் ‘இதோ வருகிறேன்’ என்ற பலகை தொங்கும், ஆள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கடை தையல்மெஷின் ரிப்பேர்க்காரர் என்னிடமே கேட்டார். "பவர் எங்கம்மா போறாரு தினமும்?" எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. என் புத்தி எங்கெங்கோ போனது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் பலகை தொங்கவில்லை, உள்ளே போனேன். வாசலில் எவனோ ஃபிரேம் ஸ்டாண்டை நகர்த்தி வைத்திருந்தான், முழங்கை நன்றாக இடித்தது. திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். அத்தான் திரும்பினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் போட்டிருந்த கண்ணாடியின் இரண்டு வட்டத்திலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னத் துளை. அந்தத் துளைகளால் என்னைத் தேடினார், தலை மட்டும் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"யாரு, சின்னவளா? குரல் குடும்மா, ஆளைக் காணல."

காலையிலிருந்து அப்படியே இருக்கிறாராம். அக்கா எதைப் பார்க்கிறாளோ அதைப் பார்க்க வேண்டுமாம்.

"பைத்தியமா அத்தான் உங்களுக்கு?"

"இதுவும் சரியில்ல" என்றார். "எனக்குச் சுத்தி கறுப்பா தெரியுது. அவளுக்கு அப்படித் தெரியாது. இல்லைங்கிறதே தெரியாது. மூளையே எதையோ இட்டு நிரப்பிக்குது. ஆளு திடீர்னு நடுவுல முளைச்சாதான், அதுவரைக்கும் காணலைன்னு புரியும்."

அந்தத் துளைகளின் வழியாகத்தான் அவருக்குக் கேமரா லென்ஸ் யோசனை வந்தது. சுவரில் தொங்கிய பெரிய படம் ஒரு துண்டுதான் தெரிந்ததாம். அதே படம் தபால்தலை அளவுக்கு இருந்தால் முழுவதும் துளைக்குள் அடங்கியதாம். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஏரியைக் காட்டுவதாகக் கல்யாணமான புதிதில் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இருபத்தாறு வருடமாக ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’ என்றே போய்விட்டது. இப்போது டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எனக்கும் சேர்த்து. ஆனால் ஏரிக்கு முன்னால் நின்றால் அவளுக்குத் துண்டு தண்ணீர், துண்டு மலை, அவ்வளவுதான்.

"என் பழைய கேமராவுக்கு அல்ட்ரா வைட் லென்ஸ்னு ஒண்ணு இருக்கு. மொத்த இடத்தையும் வாரி எடுத்துச் சின்னதாக்கிடும். அங்கயே நின்னு எடுத்து, அங்கயே கேமராவுல அவளுக்குக் காட்டிடலாம்."

"ஃபோன்ல எடுக்கிறது போதாதா?"

"எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் கலங்கிப் போகுது. அவளுக்கு ஓரம்தானே வேணும்?"

அன்று சாயங்காலமே கேமராக் கடைக்குக் கூட நடந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த லென்ஸ் ஒரு முட்டைக்கண்ணன். முன்கண்ணாடி வெளியே புடைத்துக்கொண்டு, மூடி போட்டால்கூட முறைப்பது போலிருந்தது.

"டூருக்கா சார்? அப்ப இதான். ஆனா கனம், கழுத்து வலிக்கும். ஓரத்துல ஆளை நிறுத்தாதீங்க, இழுத்துவிட்ட மாதிரி வருவாங்க. மத்தபடி மனுஷக் கண்ணு பார்க்காததை எல்லாம் இது பார்க்கும்."

"இல்லீங்க" என்றார் அத்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவருடைய பழைய குரல் வந்தது. "நல்ல கண்ணுக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தெரியும். இது அவ்வளவு பார்க்காது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சரி, மூணு நாள் வெச்சுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லேன்னா குடுத்துடுங்க" என்றார். தெரிந்த கண், அவருக்கு இரண்டு பவர் கண்ணாடி போட்டதே அத்தான்தான்.

திரும்பி வரும்போது நடுவழியில் ஒரு சைக்கிள்காரன் மணி அடிக்காமல் என் இடது பக்கம் உரசிக்கொண்டு போனான். அத்தான் என் தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். தெருமுனை தாண்டும்வரை அவனைத் திட்டினேன். அத்தான் எதையும் காதில் வாங்கவில்லை.

"வாங்கலாமா வேணாமான்னு தெரியல சின்னவளே" என்றார். "இப்ப அவ நிம்மதியா இருக்கா. எது போச்சுன்னு முழுசா தெரியாது. இந்தப் படத்தைக் காட்டி, இவ்வளவையும் நீ பார்க்காம இருந்திருக்கேன்னு நானே சொல்லணுமா? தெரியாம விட்டவனும் நான், தெரிய வெச்சு உடைக்கிறவனும் நானா?"

அவர் கண் கலங்கியது. மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும், நான்காவது நாள் ரயில்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இந்த வீட்ல யாரோ இருக்காங்கடி."

பட்டப்பகலில், அவள் தனியாக இருக்கும் நேரத்தில்தான் அது வருமாம். ஹாலில் நடந்தால் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்குமாம். திரும்பினால் யாரும் இல்லை. நடுவழியில் விட்ட ஸ்டூல் சுவரோரம் போயிருக்கும். திறந்து வைத்த அலமாரிக் கதவு மூடியிருக்கும்.

"நல்ல பேயா இருக்கே. எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் அனுப்பி வை, பாத்திரம் கழுவட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவர்கிட்ட சொல்லாதே. கண்ணோட சேர்த்து புத்தியும் போயிடுச்சுன்னு நினைப்பாரு. ஏற்கனவே என்னைக் குழந்தை மாதிரி கையைப் பிடிச்சுக் கூட்டிப்போக வேணாம்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன். இந்த வீடு எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும்டி. ஆனா பயமா இருக்கு." சொல்லும்போதே தன் வலது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

மூன்றாவது நாள் மத்தியானம் ஊருக்குத் துணி எடுத்து வைக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் சுவரோரம் நெஞ்சளவு உயரத்தில் ஒரு அலமாரி உண்டு. அதன்மேல் அந்த முட்டைக்கண்ணனைப் பூட்டிய கேமரா, ஹாலைப் பார்த்தபடி இருந்தது. சாயங்காலம் வெளிச்சம் நன்றாக வந்ததும் எல்லோரையும் வைத்து ஒரு படம் எடுத்து அக்காவுக்குக் காட்டிவிட்டு, அதைப் பார்த்து முடிவு செய்வதாக அத்தான் சொல்லியிருந்தார். "யாரும் தொடாதீங்க" என்று உத்தரவு வேறு. தொடாதே என்றால் எனக்குக் கை அரிக்கும்.

அக்கா சமையலறையிலிருந்து ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் கொடிக்குப் போனாள். நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கேமராவுக்குள் எட்டிப் பார்க்கவெல்லாம் இல்லை. அக்காவைப் பார்த்தபடியே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். ‘க்ளிக்’ சத்தத்துக்கு அவள் வழக்கம்போலத் துள்ளினாள். வாளியை வைத்துவிட்டு வந்தவளோடு துணி மடித்து முடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படம் நினைவுக்கு வந்தது. பின்திரையைப் போட்டுப் பார்த்தேன்.

ஹால் முழுவதும் அதில் இருந்தது. நடுவில் வாளியோடு அக்கா, சின்னதாக. இடது ஓரத்தில், கொல்லைப்புறம் போகும் வழியில் ஓர் ஆள். உடம்பு இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருந்தது. ஒரு கை அக்காவின் பக்கமாக, நடை பழகும் பிள்ளையைப் பிடிக்கப் போகிற மாதிரி நீண்டிருந்தது. இன்னொரு கையின் விரல் உதட்டின் மேல். என்னைப் பார்த்து, பேசாதே என்று சொன்னது அந்த முகம்.

கேமராவை நான் கீழே போடாதது அந்த லென்ஸின் அதிர்ஷ்டம். என் அலறலைக் கேட்டு அக்கா ஓடி வந்து அதை வாங்கிப் பார்த்தாள். விரல் நகத்தால் திரையைத் தடவினாள்.

"ஹால் பூரா தெரியுதுடி" என்றாள். "ஜன்னலும் கதவும் ஒண்ணா தெரியுது. இது ரெண்டையும் ஒண்ணா பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு!" அழுதாள், ஆனால் உடைந்துபோகவில்லை. அத்தான் பயந்தது நடக்கவில்லை, எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பிறகு அவள் நகம் ஓரத்துக்குப் போய் நின்றது. "இது யாரு?"

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். அக்குளில் செருப்பை இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, அத்தான்.

சாயங்காலம் அவர் வந்ததும் அக்கா படத்தைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாகத் தினமும் கடையில் பலகையைத் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறார். கொல்லைக் கதவு வழியாக நுழைந்து, அவள் பார்வை படாத பக்கமாகவே கூட நடந்து, ஸ்டூலை நகர்த்தி, கதவை மூடி, இடித்துக்கொள்ளாமல் காவல் காத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

"கையைப் பிடிக்கக் கூடாதுன்னுதானே சத்தியம் வாங்கினே? பிடிக்கல" என்றார்.

"நான் பேய்னு நினைச்சுச் செத்துக்கிட்டிருந்தேங்க" என்று அக்கா அவர் முதுகில் ஓர் அறை வைத்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் இதுக்குக் கூட்டா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"என்ன தெரியாது? உன்னைப் பார்த்துதான் வாயில விரல் வெச்சிருக்காரு."

"ஆமா சின்னவளே" என்றார் அத்தான். "நீ பேசாம நின்னே. சரி, காட்டிக் குடுக்கலைன்னு நினைச்சேன்."

"நான் பார்க்கவே இல்ல அத்தான். அங்க யாருமே இல்ல. நான் அக்காவை மட்டும்தான்..."

சொல்லும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மெதுவாக எழுந்தார். படத்தை இன்னொரு தரம் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எங்க நின்னே? போய் நில்லு."

அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பயம் என்று அர்த்தம், அது அக்காவுக்குத் தெரியும். அவள் போய் ஹால் நடுவில் நின்றாள்.

"அக்கா மூக்கைப் பாரு. கண்ணை அசைக்காதே" என்றார் அத்தான். குரல் மட்டும் இடது பக்கமிருந்து வந்தது.

பார்த்தேன். அக்காவின் மூக்கு, புருவத்தில் தையல் போட்ட தழும்பு, பின்னால் ஜன்னல். எல்லாம் சரியாக இருந்தது. எதுவும் குறையவில்லை.

"நான் என்ன பண்றேன்?"

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான்மா. ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டிருக்கேன்."

சட்டை உரசும் சத்தம் கேட்டது. கை இல்லை. பிறகு அவர் ஒவ்வோர் அடியாக முன்னால் நகர்ந்திருக்க வேண்டும். சட்டென்று என் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஐந்து விரல்கள் முளைத்தன. நான் துள்ளினேன். அக்கா துள்ளுவாளே, அச்சு அசல் அதே மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. கடை வாசலில் இடித்த ஸ்டாண்ட், மணி அடிக்காத சைக்கிள், மூன்று தடவை என்னிடம் வந்து கெஞ்சிய மனிதர், நான் சொன்ன பதில், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அக்கா என்னிடம் வந்து என் முகத்தை நேராகத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"காலையில முதல்ல டாக்டர்கிட்ட இவளைக் கூட்டிட்டுப் போங்க. ரயிலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அவரிடம். பிறகு, "அந்த லென்ஸைத் திருப்பிக் குடுக்க வேணாம், வாங்கிடுங்க. இனிமே ரெண்டு பேருக்கு ஆகும்" என்றாள்.

அத்தான் என் இடது பக்கம் எங்கேயோதான் நின்றிருந்தார், அவர் மூச்சு கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.